மழைக்காட்டுக்குப் போகுமுன் காதைத் தீட்டுங்கள்

பறவை பார்க்க மலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேமராவில்தான் தொடங்குகிறார்கள். எந்த லென்ஸ் வாங்கலாம், எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். நான் உடுமலைப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் பைனாகுலரோடு மலையேறிவிடுவேன் என்பது கடைக்கு வருகிற பலருக்கும் தெரியும். அதனால் மருந்துச் சீட்டோடு இந்தக் கேள்வியும் சேர்ந்து வரும். காதிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்லும் பதில்.

குளத்திலும் ஏரியிலும் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு மழைக்காடு முதல் நாளில் பெரிய ஏமாற்றத்தைத் தரும். வேடந்தாங்கலில் நாரையும் கொக்கும் கண்ணெதிரே திறந்த வெளியில் இருக்கும். ஆனைமலைக் காட்டுக்குள் மரங்கள் 30 மீட்டருக்கும் மேலே எழும்பி நிற்கின்றன. அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு மரம், அதற்கும் கீழே புதர், பிரம்பு, கொடி. காலை ஒன்பது மணிக்கும் தரையில் அந்தி நேரத்து வெளிச்சம்தான். பறவை தலைக்கு நேர் மேலே இருக்கும். நமக்கு இலையின் அடிப்பக்கம் மட்டும் தெரியும். அந்தக் காட்டில் எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்வது சத்தம்தான்.

வரும் பொங்கல் விடுமுறைக்கு என் பெரியம்மா மகளோடு ஒரு சுற்றுப் போகத் திட்டமிட்டிருக்கிறேன். பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால், தட்டேக்காடு, மூணாறு, மறையூர், சின்னாறு, திரும்ப உடுமலை. வரைபடத்தில் பார்த்தால் ஆனைமலையை ஒரு வலம் வருவதுதான். ஆனால் இந்த ஒரே வலத்தில் மழைக்காடு, தேயிலைத் தோட்டம், பெரியாற்றங்கரையின் தாழ்நிலக் காடு, உச்சிமலைப் புல்வெளி, மழைமறைவுப் பிரதேசத்து முள்காடு எல்லாம் வந்துவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைப் புரிந்துகொள்ள நம்மூரிலிருந்து இதைவிட நல்ல பாதை இல்லை என்று நினைக்கிறேன்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நான் செய்யும் முதல் வேலை, உயரத்தை வைத்துப் பட்டியல் போடுவது. நோட்டில் தட்டேக்காட்டை அடியில் எழுதுவேன். அது கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. நடுவில் சுமார் 1,100 மீட்டரில் வால்பாறை. மேலே 2,000 மீட்டரை ஒட்டி இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை. அந்தப் பூங்காவுக்குள் நிற்கும் ஆனைமுடிக்கு 2,695 மீட்டர் உயரம். பிறகு ஒவ்வொரு பறவையையும் அதன் உயரத்தில் எழுதுவேன். தீக்காக்கையும் தவளைவாயனும் கீழே. மலபார் சாம்பல் இருவாச்சி நடுவில். நீலகிரி ஈப்பிடிப்பான், கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் எல்லாம் மேலே. சோலைகளைத் தாண்டிப் புல்வெளியில்தான் நீலகிரி நெட்டைக்காலி. இப்படி எழுதி வைத்துக்கொண்டால் தட்டேக்காட்டில் நின்றுகொண்டு நெட்டைக்காலியைத் தேடி நேரத்தைப் போக்க மாட்டோம்.

உயரம் மட்டுமல்ல, கணவாயும் கணக்கில் வரும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அதன் அகலம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். குளிர்ந்த உச்சிச் சோலையை விட்டுக் கீழே இறங்காத பறவைக்கு அந்தச் சமவெளி கடல் மாதிரிதான். வெகுகாலமாகத் தாண்டாமலே இருந்ததால் இரு பக்கத்துப் பறவைகளும் வேறு வேறு இனங்களாகப் பிரிந்துவிட்டன. ஊட்டியில் பார்க்கும் நீலகிரி சிரிப்பான் வேறு, மூணாற்றிலும் கொடைக்கானலிலும் பார்க்கும் பழனி சிரிப்பான் வேறு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியர் மலைப் பக்கம் போனால் அங்கே இன்னொரு சிரிப்பான். மரபணுவையும் குரலையும் ஒப்பிட்டு இவற்றைத் தெளிவுபடுத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. எங்கள் பாதை முழுக்கக் கணவாய்க்குத் தெற்கே இருப்பதால் பட்டியலில் பழனி சிரிப்பானுக்கு மட்டும் இடம்.

பட்டியல் ஆனதும் குரல். மொத்தக் காட்டையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். அது முடியாது, தேவையும் இல்லை. அடிக்கடி கேட்கிற பத்துக் குரல்களை நன்றாகப் பிடித்துக்கொண்டால் போதும். அவற்றைத் தள்ளிவிட்டால் பதினோராவது குரல் தானாகவே புதிதாகக் கேட்கும். முதலில் வெண்கன்னக் குக்குறுவான். நாள் முழுக்க ‘குட்ரூ குட்ரூ’ என்று அலுக்காமல் கத்திக்கொண்டே இருக்கும். அடுத்து சீகாரப் பூங்குருவி. விடியலில் ஓடைப் பக்கம் யாரோ ஓர் ஆள் மனம் போன போக்கில் சீட்டியடிக்கிறான் என்று தோன்றினால் அதுதான். மலபார் சாம்பல் இருவாச்சி கரகரத்த குரலில் விட்டுவிட்டுச் சிரிக்கும். தீக்காக்கை மெதுவாக, ஒரே சுருதியில் ‘க்யூ க்யூ’ என்று இழுக்கும். துடுப்புவால் கரிச்சானை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிற பறவைகளின் குரலையெல்லாம் அது எடுத்துப் பேசும். மற்றவற்றைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும்.

குரல்களைக் கேட்க இன்று வசதி ஏராளம். 2005இல் தொடங்கிய ஸீனோ-கான்டோ தளத்தில் உலகெங்கும் பதிவான பறவைக் குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி, கேட்கும் குரலை வைத்துப் பறவையின் பெயரை ஊகித்துச் சொல்லும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே இந்தியாவுக்கான தொகுப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மளுக்கப்பாறைப் பாதையில் சிக்னலை நம்ப முடியாது. மெர்லின் சொன்னதை அப்படியே எழுதிவிடவும் கூடாது. கரிச்சான் செய்யும் மிமிக்ரியில் செயலியும் ஏமாறும். அது ஒரு பெயரைக் காட்டினால் அந்தத் திசையில் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். புத்தகம் வேண்டுமென்றால் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தமிழில் தொடங்குகிறவர்களுக்கு நல்ல துணை.

குரல் தெரிந்துவிட்டது என்றால் நிற்கப் பழக வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மழைக்காட்டில் அரை மணி நேரம் ஒன்றுமே அசையாது. காடு காலியாகிவிட்டதோ என்று தோன்றும். திடீரென்று ஒரு மூலையில் கரிச்சான் குரல் கொடுக்கும். அடுத்த இரண்டு நிமிடத்தில் தலைக்கு மேலே நாலாபக்கமும் பறவைகள். பூச்சி தின்னும் பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து மேய்ந்துகொண்டே நகரும் கூட்டம் அது. மின்சிட்டுகள் ஆரஞ்சும் மஞ்சளுமாக உச்சிக் கிளைகளில், மஞ்சள் புருவச் சின்னான் நடுவில், அடிமரத்தில் தலைகீழாக இறங்கி வரும் நீல நிறப் பசை எத்தி, கீழே புதரில் பழுப்புக் கன்னச் சிலம்பன்கள். ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றுக்கு இரையாகிறது. வல்லூறு வந்தால் எச்சரிக்கவும் பல கண்கள் இருக்கின்றன. கூட்டம் பத்து நிமிடத்தில் நம்மைக் கடந்து போய்விடும். அதன் பின்னால் ஓடினால் ஒன்றும் தெரியாது. நின்ற இடத்திலேயே நின்று, ஓர் அடுக்கை மட்டும் பார்க்க வேண்டும். அக்கா இப்போது தினமும் காலையில் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரில் சாயாமல் இருபது நிமிடம் நிற்கிறாள். முழங்கால் வலிக்காரி அவள். மலை ஏறுவதைவிட அசையாமல் நிற்பதுதான் மூட்டைப் பிடிக்கும் என்பதால் இந்தப் பயிற்சி.

“ஏன் அம்மிணி, நாற்காலி ஒண்ணு தூக்கிட்டு வரக் கூடாதா?” என்று கேட்டாள்.

“தாராளமா வரலாம் அக்கா. மடக்கு முக்காலி கனமே இருக்காது” என்றேன். வாங்கியும் வைத்துவிட்டோம். வயதானவர்கள் கூச்சப்படாமல் எடுத்துப் போகலாம்.

பைனாகுலர் விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். 42ஐ எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 10x42 வாங்கினால் அது 4.2 ஆகக் குறைந்துவிடும். வெயிலில் நம் கண்மணி சுருங்கியிருப்பதால் வித்தியாசம் தெரியாது. காட்டு இருட்டில் கண்மணி விரியும்போது நன்றாகவே தெரியும். தவிர, பத்து மடங்கில் பார்வைப் பரப்பு குறுகலாகும், கை நடுக்கமும் பெரிதாகும். இலைகளுக்கு நடுவே பறவையைப் பிடிக்க அகலமான பார்வைதான் வேண்டும். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி நீர் புகாதபடி மூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும்.

வாங்கிய பலரும் அதைத் தங்கள் கண்ணுக்குச் சரிசெய்யாமலே வைத்திருக்கிறார்கள். மாடியில் நின்று தூரத்தில் ஒரு மின்கம்பியைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குக் கம்பியைத் துல்லியமாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழல் வளையத்தை மட்டும் திருப்பிச் சரிசெய்யுங்கள். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் ஒன்றே போதும். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் கண்மூடியை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். தட்டேக்காட்டில் ஏசி அறையில் தங்கினால் இரவில் பைனாகுலரை உறைக்குள் போட்டு ஏசி படாத இடத்தில் வையுங்கள். குளிர்ந்த கண்ணாடியோடு காலையில் வெளியே வந்தால் ஈரக்காற்றில் நல்ல நேரமெல்லாம் மங்கலாகப் போய்விடும். மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நான் சேர்த்து வைத்து உறைக்குள் போடுகிறேன்.

உடைக்குப் பெரிய விதியில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். தட்டேக்காட்டில் வியர்த்துக் கொட்டும் அதே ஜனவரியில் மூணாற்றுப் பள்ளங்களில் உறைபனி விழும். ஒரு கனத்த ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று எடுத்துப் போய் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றுங்கள். காய்ந்த இலை நிறம், பாசி நிறம் நல்லது. மழைக்கோட்டைவிடக் குடை மேல். மழைக்கோட்டின் சரசரப்பில் ஒரு குரலும் கேட்காது. சென்ட் வேண்டாம்.

இனி என் தொழில் சார்ந்த பகுதி. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும்; கேட்டு வாங்குங்கள், ஓட்டுநர் போடவே கூடாது.

அட்டைக்குப் பயந்தே பலர் மழைக்காட்டுக்கு வருவதில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை அதிகம், ஜனவரியில் குறைவு. ஆனால் முந்தைய நாள் மழை பெய்திருந்தால் எந்த மாதமும் உண்டு. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை கிடைக்கிறது. பேன்ட்டுக்கு மேலே அதை மாட்டி இறுக்கிக் கட்டினால் அட்டை மேலேறி இடுப்புக்கு வருமே தவிர தோலைத் தொடாது. தோட்டத்து மக்கள் புகையிலைத் தூளையோ மூக்குப்பொடியையோ தடவிக்கொள்கிறார்கள். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், உப்புப் போடாதீர்கள், தீ வைக்காதீர்கள். அட்டை வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். அதன் மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தைத் தோலோடு படியவைத்து வழித்தால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்தியிருப்பதால் வெகு நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவிப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிக நேரம் கசியும். அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, காலுறையைக் கழற்றாமலிருப்பது நல்லது.

அட்டையைவிட உண்ணிதான் எனக்குக் கவலை. காட்டிலிருந்து அறைக்கு வந்ததும் துணியைக் கழற்றி அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். வயநாடு, நீலகிரிப் பக்கம் குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி. ஸ்க்ரப் டைஃபஸ் வேறொரு சிறு பூச்சியால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்புத் தழும்பு இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதாகக் குணமாகும். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ‘காட்டுக்குப் போய் வந்தேன்’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வால்பாறை மேட்டுநிலத்தில் தேயிலைக்கு நடுவே சிறிதும் பெரிதுமாக மழைக்காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. சாலையோரம் நின்றே இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் பார்க்கலாம். யானைகளும் அதே பாதையில்தான் நடக்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பினர் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதோடு, சில இடங்களில் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது, வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மளுக்கப்பாறை, வாழச்சால் சோதனைச் சாவடிகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அன்றைய நிலவரத்தை வால்பாறையிலேயே கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இரவிகுளம் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், மூடிவிடுவார்கள். அதனால்தான் எங்களுக்குப் பொங்கல்.

வாழச்சால் காட்டில் இருவாச்சி நான்கு இனமும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பெரிய இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, சிறு கீறல் மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து குஞ்சு வளரும்வரை ஆண் கொண்டுவரும் அத்திப் பழத்தை நம்பித்தான் குடும்பம். ஆண் செத்தால் உள்ளே இருப்பவையும் பட்டினிதான். அங்கே கூடுகளைக் கண்டு காவல் காப்பவர்கள் காடர் பழங்குடியினர். காட்டை அவர்களைவிட அறிந்தவர் எவருமில்லை. கூடு எங்கே என்று அவர்களை நச்சரிக்காதீர்கள். பழுத்த அத்திமரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பறவை அங்கே வரும்.

உள்ளூர் வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தட்டேக்காட்டைச் சொல்வேன். 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய சாலிம் அலி மிகவும் வியந்த இடம் அது. 1983இல் சரணாலயமாகி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஒரு வழிகாட்டி என்னைப் புதர் முன்னால் நிறுத்தி, “சேச்சி, அவிடெ நோக்கூ” என்று குனியச் சொன்னார். கையெட்டும் தூரம். எனக்குக் கொடியில் மாட்டிய காய்ந்த இலைகள்தான் தெரிந்தன. அந்த இலைகளில் ஒன்றுக்கு மீசை இருந்தது. பிறகு அகன்ற வாய், மூடியும் மூடாத கண்கோடு, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு செம்பழுப்பு நிறத்தில் இன்னொன்று. தவளைவாயன் ஜோடி. பகல் முழுக்க அப்படியே அசையாமலிருக்கும். கூட்டில் ஒரே முட்டை. பகலில் அடைகாப்பது ஆண். விரட்டினால் அந்த ஒரு முட்டையும் போச்சு. அந்த வழிகாட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க விடவில்லை, ஃபிளாஷ் போட விடவில்லை. அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடியுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைத்துக் காட்டுகிறேன் என்பவரை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று பதறி, இரையையும் கூட்டையும் விட்டு ஓடி வருகிற பறவையைப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சியில்லை. வீட்டில் கேட்டுப் பழகத்தான் அந்தப் பதிவுகள்.

தீக்காக்கையைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஆணின் வயிறு அத்தனை சிவப்பு. ஆனால் நம்மைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொள்ளும், முதுகோ வெறும் பழுப்பு. சிவப்பைத் தேடினால் கிடைக்காது. ‘க்யூ க்யூ’ வந்த திசையில், நடு உயரத்தில், கிடைமட்டமான கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பழுப்பு உருவத்தைத் தேடுங்கள்.

நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் நீங்களும் அதில் சேர்ந்தவர்தான். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் இப்படி ஏற்றிய பட்டியல்களை வைத்து எழுதப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் குறைந்துவருவதை அது காட்டியது. இருவாச்சியும் தவளைவாயனும் எல்லார் பட்டியலிலும் வந்துவிடும். குக்குறுவானையும் மைனாவையும் காகத்தையும் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டிருந்தால், குரல் கேட்டது என்றே குறியுங்கள்.